அடுத்தவன் பெட்டி

மூடினாள். கண்ணை மூடத்தான் செய்தாள். டிக்கி மூடி தலைக்கு மேலே இறங்கி டொப்பென்று பூட்டிக்கொண்டு, சொந்தக் கை எங்கே இருக்கிறதென்று தெரியாத இருட்டு வந்ததும் சென்னியப்பனுக்கு முதலில் வந்த நினைப்பு இதுதான். ஏப்பா, ஒருத்தி பாட்டுக் கேட்டுக் கண்ணை மூடினால் அது ஒரு குற்றமா என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டுமே. கேட்கிறவன் காருக்கு ஸ்பீக்கர் பெட்டி அடிக்கிறவனாக இருந்தால் தெரியும். ஒவ்வொரு பெட்டியையும் கடையை விட்டு அனுப்புவதற்கு முன்னால் பெண்டாட்டியைக் காருக்குள் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் முகத்தையே பார்த்துக் காய்ந்து கிடந்தவனாக இருந்தால் தெரியும். கலாமணி ‘சரிங்க’ என்றால்தான் பெட்டி போகும். அவள் உதட்டைச் சுழித்தால் அத்தனை ஸ்க்ரூவையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து. ஈரோடு பெருந்துறை ரோட்டில் சென்னி ஆட்டோ சவுண்ட்ஸ் என்று ஒரு பேர் இருக்கிறதென்றால் அது பாதி அவன் கை, பாதி அவள் காது. இத்தனை வருஷத்தில் அவன் அடித்த எந்தப் பெட்டிக்காவது அவள் கண்ணை மூடியிருக்கிறாளா? இல்லை. ஒன்றுக்கும் இல்லை. கண்ணை முழுசாகத் திறந்து, மோவாயைத் தூக்கி, எதிரே ஒன்றுமில்லாத இடத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கடைசியில் ‘சரிங்க’ என்பாள், இறங்கிப் போய் அரிசி களைவாள். போன வெள்ளிக்கிழமை, போட்டிக் கடைக்காரன் ஜெர்வின் அடித்த பெட்டிக்கு மூடினாள். அந்தப் பெட்டிதான் இப்போது அவன் விலாவை இடித்துக்கொண்டு பக்கத்தில் கிடக்கிறது.

கார் கிளம்பியது. ஓட்டுகிறது சிவப்பிரகாசம், காருக்குச் சொந்தக்காரர், நூல் ஏஜென்ட். பின் சீட்டில் கலாமணி. சிவப்பிரகாசத்தின் காரில் கொஞ்ச நாளாகக் கிர்ர்ரென்று ஒரு சத்தம். நின்றால் இல்லை, ஓடினால் வருகிறது, அதுவும் அடித் தாளம் விழுகிறபோது மட்டும். பெட்டி அடித்த ஜெர்வின் ஊரில் இல்லை, நாகர்கோவிலில் தங்கச்சிக்கு நிச்சயம் என்று போய்விட்டான். ‘சென்னியண்ணா, தலைவலி தாங்கலீங்க, நீங்களே பாத்து விட்ருங்க’ என்று காலையில் வந்து நின்றார். ஓடுகிற காரில் வருகிற சத்தத்தை ஓடுகிற காரில்தான் பிடிக்க முடியும். அதற்கு ஒரே வழி ஆள் டிக்கிக்குள் படுக்க வேண்டும். சென்னியப்பன் ஒல்லி. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கி, பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வான். கையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவான். சீட்டின் முதுகில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் அதே இடத்தை மறுபடி போடு. பின் சீட்டில் இருக்கிற கலாமணி அதைக் கேட்டு ஓட்டுகிறவரிடம் சொல்வாள். நடுநடுவே அவளும் விரல் முட்டியால் சீட்டில் தட்டுவாள். அதற்கு ‘இருக்கறீங்களா’ என்று அர்த்தம். அவன் திருப்பித் தட்டினால் ‘இருக்கேன்’. கல்யாணமான புதிதில் வந்த பழக்கம், யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. அந்தத் தட்டைத்தான் அவன் இப்போது எதிர்பார்த்துக்கொண்டு கிடந்தான். பைபாஸ் ஏறியாகிவிட்டது, சக்கரம் மாறி ஓடுகிற சத்தத்திலேயே தெரிகிறது. இன்னும் தட்டவில்லை.

பாட்டு தொடங்கியது. அட, சனியன், அதே பாட்டு. வெள்ளிக்கிழமை போட்ட அதே பாட்டு. முதலில் தம்பூரா மாதிரி ஒன்று, அப்புறம் ஒரு பெண் குரல், குரல் ஒரு சுற்று சுற்றி இறங்குகிறபோது அடியிலிருந்து தாளம் எழுந்து வரும். வந்தது. சென்னியப்பனின் வயிறு, தொடை, பல் எல்லாம் அதை வாங்கிக்கொண்டன. தாளம் வந்து, நின்று, வாலில்லாமல் அறுந்து போயிற்று. இழுக்கவில்லை. குழையவில்லை. அடித்தான், முடிந்தது. சுத்தம். அவன் பெட்டியிலும் தாளம் வரும், நெஞ்சில் குத்தும், பொடியன்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போவார்கள், ஆனால் ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் ஒரு ஊளை மிச்சம் இருக்கும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன பண்ணுவது, கனமான ப்ளைவுட்டைப் போட்டான், உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்தான், காற்றுக் குழலை நீட்டினான், குறைத்தான், பஞ்சு திணித்தான், அந்த ஊளை போகவில்லை. இந்த நாகர்கோவில்காரன் காதில் கடுக்கன் போட்டுக்கொண்டு வந்தான், லேப்டாப்பைத் திறந்தான், நாலு நம்பரைப் போட்டான், ஊளையைத் துடைத்து எடுத்துவிட்டான். தூ. கணக்குப் போட்டா பாட்டுக் கேட்கிறது? போட்டுத்தான் கேட்கிறது, அதுதானே எரிகிறது.

கண் இருட்டுக்குப் பழகியபோது, பின் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற பலகையில் ஸ்பீக்கருக்கென்று ஒரு ஓட்டை இருந்தது, வலைத்துணி மட்டும் போட்டு. அதன் வழியாகக் கொஞ்சம் வெளிச்சமும், கலாமணியின் பின்னந்தலையும் தெரிந்தன. கொண்டையில் பழுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கிளிப். அவ்வளவுதான். முகம் அந்தப் பக்கம். கழுத்தை எப்படித் திருகினாலும் கிளிப்தான். அந்தக் கிளிப்புக்கு முன்னால் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? ஒரு விரற்கடை தூரத்தில் பெண்டாட்டி இருக்கிறாள், அவள் கண் எப்படி இருக்கிறதென்று தெரிந்துகொள்ள வழியில்லை. இதெல்லாம் ஒரு பொழப்பா? ஓட்டுகிறவருக்குத் தெரியும். அவருக்கு எதிரே கண்ணாடி இருக்கிறது, அதில் பின் சீட்டு முழுக்கத் தெரியும். நூல் விற்கிற சிவப்பிரகாசத்துக்குத் தெரியும் அவள் கண்ணை மூடியிருக்கிறாளா இல்லையா என்று, தாலி கட்டினவனுக்குத் தெரியாது. சிவப்பிரகாசம் நல்ல மனுஷன், ‘அக்கா அக்கா’ என்றுதான் கூப்பிடுவார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருந்தாலும் ரோட்டைப் பார்த்து ஓட்டினால் என்னவாம்.

வெள்ளிக்கிழமை ஹாரன் மாற்றத்தான் வந்தார் அவர். ‘அக்கா, புதுசாப் பெட்டி போட்டேன், ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க’ என்றார். கலாமணி கல்லாவிலிருந்து எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். போட்டி ஆள் பெட்டி, குறை சொல்லுவாள் என்று இவனும் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நமுட்டுச் சிரிப்போடு நின்றான். முதல் வரி வரைக்கும் கண் திறந்துதான் இருந்தது. அப்புறம் தலை மெதுவாகச் சீட்டில் சாய்ந்தது. அப்புறம் மூடினாள். தூசி விழுந்து மூடுகிறது வேறு, தூக்கத்தில் மூடுகிறது வேறு. இது அதெல்லாம் இல்லை. கையிலிருந்த உப்புத்தாளால் அவன் தன் பெருவிரலையே தேய்த்துக்கொண்டு நின்றான், தோல் உரிந்தது அப்புறம்தான் தெரிந்தது. பாட்டு முடிந்து இறங்கினாள். ‘நல்லா இருக்குதுங்க’ என்று சிவப்பிரகாசத்திடம் சொன்னாள். ‘நல்லா இருக்குதுங்க!’ இவனுக்கு ‘சரிங்க’, அவனுக்கு ‘நல்லா இருக்குதுங்க’. ராத்திரி சோறு போடுகிறபோது இவன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ரசம் ஊற்றட்டுமா என்றாள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, இந்த இருட்டில்தான் அது எழுந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷமும் சொன்ன ‘சரிங்க’ எல்லாம் நிஜமா? இல்லை, இந்த ஆளுக்கு இவ்வளவுதான் வரும், பாவம், விட்டுவிடுவோம் என்று சொன்னதா? காது அவளுக்குப் பிறவிக் காது. பெட்டியின் ஒட்டு வழியாகக் காற்று கசிகிறதா என்று பார்க்க அவள் கன்னத்தை ஒட்டில் வைத்துப் பார்ப்பாள். நடுவிரல் நகம் அளவுக்குக் கசிவு இருந்தாலும் கன்னத்தில் பட்டுவிடும், ‘இங்கதானுங்க’ என்பாள், அந்த இடத்தில் இவன் பசையை வைத்துப் பெருவிரலால் இழுப்பான். எத்தனை பெட்டியில் அவள் கன்னம் பட்டிருக்கிறது. அப்படிப்பட்டவளுக்கு அந்த ஊளை கேட்காமலா இருந்திருக்கும்? கேட்டிருக்கும். முதல் பெட்டியிலேயே கேட்டிருக்கும். கேட்டும் சரி என்றிருக்கிறாள். அப்படியென்றால் அவன் பெட்டி அடிக்கிறவனே இல்லை, பெண்டாட்டி தயவில் ஆணி அடிக்கிறவன். ஐயோ. மூச்சு முட்டியது. டிக்கிக்குள் காற்றில்லையா, இல்லை இந்த நினைப்பா என்று தெரியவில்லை. இப்போதாவது தட்டக்கூடாதா? ஒரே ஒரு தட்டு? ஒருவேளை பின்னால் லாரி வந்து இடித்து இவன் இங்கேயே நசுங்கிப் போனாலும் பாட்டு முடிந்துதான் திரும்பிப் பார்ப்பாளோ?

கிர்ர்ர். வந்தது. வேலையைப் பார், சென்னியப்பா. அவன் கையைப் பெட்டியின் மேல் வைத்தான். பெட்டி கம்மென்று கிடந்தது. மூலை, ஒட்டு, குழல் வாய், எங்கேயும் நடுக்கமில்லை. பெட்டிமேல் ஏதாவது குறை அகப்படாதா என்று எவ்வளவு ஆசையாகத் தடவினான் தெரியுமா? ஒன்றும் அகப்படவில்லை. கையை மேலே கொண்டுபோனான். டிக்கி மூடியைத் தூக்குகிற இரண்டு கம்பிகள் குறுக்கே ஓடும், நடுவில் ஒன்றையொன்று தாண்டிப் போகும். அந்த இடத்தில் விரலை வைத்ததும் விரல் கூசியது. இதுதான். பிளாஸ்டிக் கொக்கி விட்டுப்போய் கம்பியும் கம்பியும் உரசுகின்றன. கெட்டியாகப் பிடித்தான், சத்தம் நின்றது. விட்டான், கிர்ர்ர். பிடித்தான், நின்றது. துணி டேப் இரண்டு சுற்றுச் சுற்றினால் முடிந்தது கதை. சீட்டில் ஒரு தட்டு தட்டி, வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்விடலாம். அவன் தட்டவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே கிடந்தான். பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் மேலே பாட்டு சுத்தமாகக் கேட்கும். அதாவது, ஜெர்வின் பாட்டைச் சுத்தமாக்கி, இவன் கையாலேயே, இவன் பெண்டாட்டிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறான். விளங்கும்! கண்ணை மூடிக்கோ, கலாமணி, நல்லா மூடிக்கோ, உன் புருஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் கொஞ்சம் நிசப்தம். அந்த இடைவெளியில் சிவப்பிரகாசம் பேசுகிறது கேட்டது. ‘இப்ப சத்தமே வரலீங்களே அக்கா?’ அதற்குக் கலாமணி, ‘வரலீங்க. இன்னொருக்கா அதே பாட்டப் போடுங்க’ என்றாள். எதற்கு இன்னொரு தடவை? சத்தம் பிடிக்கவா, பாட்டுக் கேட்கவா? குரலில் ஒரு குழைவு இருந்ததே. இருந்ததா? பஞ்சு அடைத்த காதுக்கு என்ன தெரியும், இருந்தது, இருந்ததென்றால் இருந்தது. தம்பூரா தொடங்கியது. சென்னியப்பன் கம்பியை விட்டான். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். பெட்டியின் பக்கவாட்டில் ஒயர் நுழைகிற இடத்தில் சதுரமாக ஒரு தட்டு, நாலு மூலையிலும் நாலு ஸ்க்ரூ. அதைத் தளர்த்தினால் உள்ளே அடைபட்ட காற்று அந்த வழியாகப் பீய்ச்சும், அத்தனை சுத்தமும் நாறிப்போகும். பெட்டி போச்சு சார், ஒட்டு விட்டுப்போச்சு, புதுசா அடிக்கோணும் என்று சொல்லலாம். சொல்லி, அவனே அடித்து, அவளை உட்காரவைத்து... கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. இருட்டில் ஸ்க்ரூவின் தலையைக் கண்டுபிடிக்கிறதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒன்று. அடுத்தது. மூன்றாவது கையோடு வந்து எங்கேயோ விழுந்து உருண்டது. தாளம் எழுந்தது, தட்டு ஒரு பக்கம் வாய் திறந்து, புர்ர்ர்ரென்று ஒரு அசிங்கமான சத்தம். சின்னப் பிள்ளைகள் கேட்டால் சிரிக்கிற சத்தம். அவனுக்கு ஜென்மம் சாபல்யமான மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

டக். சீட்டின் முதுகில் விரல் முட்டி. உடனே இன்னொரு டக். அவ்வளவு நேரம் காத்துக் கிடந்தானே, அந்தத் தட்டு. அவன் திருப்பித் தட்டவில்லை. ‘சார், ஓரமா நிறுத்துங்க’ என்றாள் கலாமணி. கார் ஒதுங்கி நின்றது, பாட்டு நின்றது, கதவு திறந்தது. டிக்கி மூடி தூக்கப்பட்டு வெயில் அப்படியே கண்ணில் கொட்டியது. கலாமணி நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் சிவப்பிரகாசம். சென்னியப்பனின் கையில் ஸ்க்ரூ டிரைவர். பெட்டியின் தட்டு ஒரே ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தட்டைப் பார்த்தாள், ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

‘பெட்டி போச்சுங்களாண்ணா?’ என்றார் சிவப்பிரகாசம்.

சென்னியப்பன் வாயைத் திறப்பதற்குள் கலாமணி முந்திக்கொண்டாள். ‘பெட்டிக்கு ஒண்ணும் இல்லீங்க சார். சோதிச்சுப் பாக்கக் கழட்டியிருக்காரு. சத்தம் வேற எங்கயோ. நீங்க போய் அந்தக் கடையில ஒரு டீ சாப்புடுங்க, அதுக்குள்ள முடிஞ்சுரும்.’ அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார். அவர் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சென்னியப்பன் மடங்கின காலை நீட்டி, டிக்கி விளிம்பில் உட்கார்ந்தான், காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினான்.

‘எதுக்குங்க இப்பிடிப் பண்ணுனீங்க?’

சொல்லிவிடலாம், சொல்லாமலிருக்கலாம், சத்தம் போட்டுச் சண்டைக்குப் போகலாம். கடைசியில் வந்தது இதுதான். ‘அன்னைக்கு எதுக்குக் கண்ண மூடுன?’

‘எப்பங்க?’

‘வெள்ளிக்கெழம. இதே காருல. இவன் பெட்டிக்கு.’ குரல் அவனுக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை. ‘நான் அடிச்ச பெட்டி ஒண்ணுக்காவது மூடியிருக்கறயா? ஒண்ணு? நல்லா இல்லீன்னா நல்லா இல்லீன்னு மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுதான?’

கலாமணிக்கு அவன் எதிர்பார்த்த கோபம் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ‘எப்பிடிங்க மூடறது?’ என்றாள். ‘நம்ம பெட்டின்னா எங்க கசியுது, எங்க உருட்டுது, எந்த ஸ்க்ரூ இறுகலீன்னு பாக்கத்தான உக்கார வெக்கறீங்க? நான் பாட்டா கேக்கறேன்? தப்பத்தான தேடறேன். நீங்க வேற கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு எம் மூஞ்சியவே பாத்துட்டிருப்பீங்க. நான் புருவத்தத் தூக்குனா உங்க மொகம் செத்துப் போயிரும். அதுக்கும் பயந்துட்டே உக்காந்திருப்பேன். அன்னைக்கு அடுத்தவன் பெட்டி. நல்லா இருந்தா எனக்கென்ன, நாசமாப் போனா எனக்கென்ன? எனக்கு ஒரு வேலையும் இல்ல. எத்தன வருசம் ஆச்சுங்க நான் ஒரு பாட்ட முழுசாக் கேட்டு. கேட்டேன். அவ்வளவுதான்.’ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ‘இன்னைக்கும் கேட்டுட்டுத்தான் வந்தேன். தட்டறதுக்கே மறந்து போச்சு.’

ஜெர்வின்மேல் இருந்த எரிச்சல் போய்விட்டதா என்றால், போகவில்லை, அது அது இருக்கிற இடத்தில் அப்படியே இருந்தது. அதற்கு மேலே இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது, இது அதைவிடக் கனம். பாட்டுக்குப் பெட்டி அடிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, கட்டிக்கொண்டவளை ஒரு பாட்டுக் கேட்க விடாமல் இத்தனை வருஷம் வேலை வாங்கியிருக்கிறான். அவள் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் இப்போது ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் கிழித்தாயிற்று. ‘நீ போய் உக்காரு’ என்றான். ‘இத மாட்டிட்டு அதே பாட்டப் போடறேன். சும்மா கேளு. நான் அக்கட்ட போயிர்றேன்.’ கலாமணி போய் உட்கார்ந்தாள். அவன் கம்பிகள் உரசுகிற இடத்தில் துணி டேப்பை இரண்டு சுற்றுக்கு நாலு சுற்றாகச் சுற்றினான். தட்டைப் பொருத்தி ஸ்க்ரூக்களை முறுக்கினான். விழுந்த ஸ்க்ரூவைக் கண்டுபிடித்து அதையும் போட்டு, ஜெர்வின் முறுக்கியதைவிட ஒரு திருகு கூடவே முறுக்கினான். முன்னால் போய்ப் பாட்டைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, சொன்னபடியே தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு பாட்டு ஓடுவது இதுதான் முதல் தடவை. தம்பூரா போயிற்று, குரல் வந்தது, சுற்றி இறங்கியது, தாளம் சாத்தின கதவைத் தாண்டி வந்து அவன் கால் பாதத்தில் பட்டது. கிர்ர்ர் இல்லை, புர்ர்ர் இல்லை. மூடிக்கோ, கலாமணி. அந்த ஜெர்வின் பெட்டியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், மூடிக்கோ. இந்தத் தடவை அதை நிஜமாகவே நினைத்தான்.

பின்னால் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது. திரும்பினான். அவள் கண்ணை முழுசாகத் திறந்து, மோவாயைத் தூக்கி, எதிரே ஒன்றுமில்லாத இடத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

‘ஏனுங்க, கீழ் மூலையில ஒரு ஸ்க்ரூ இன்னும் இறுகலீங்க’ என்றாள். ‘காத்து லேசாக் கசியுது.’

பாட்டு அப்போது பாதிகூட ஆகியிருக்கவில்லை.